உழவு மெசின் ஒயில் குடித்தால்: ரிங் மாற்றக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

புதிதாக ஒரு பழைய மெசின் வாங்கியவர்களுக்கும், அப்பாவின் மெசினை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் தம்பிமாருக்கும், கிணற்றடியில் வாட்டர் பம்ப் வைத்துத் தோட்டம் செய்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மெசின் ஒயில் குடிக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று வன்னியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரிங் போயிட்டுது, மாத்துங்கோ." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். மாற்றினார்கள், ஒரு போகம் முடிவதற்குள் பழையபடி நீலப் புகை. பிறகு வேறொருவர் கழற்றி அளந்து காட்டினார்: ரிங் புதிது, லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்குழல்) தேய்ந்து போயிருந்தது, முதல் தடவை அதை எவருமே அளக்கவில்லை. ஹெட் பக்கிங், ஒயில், கூலி, மெசின் நின்ற நாட்களின் வாடகை என்று எல்லாச் செலவும் இரண்டு தடவை. உங்களுக்கு அது வேண்டாம்.

உழவு மெசினை வைத்துத்தான் சொல்கிறேன், மோட்டார் சைக்கிளுக்கும் வாட்டர் பம்புக்கும் மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்வேன். பழைய 2 ஸ்ட்ரோக் ஆட்டோ வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடலாம், அது ஒயிலைப் பெற்றோலோடு சேர்த்து எரிப்பதற்கென்றே செய்யப்பட்டது.

1. ஒயில் உண்மையில் எரிகிறதா என்று பாருங்கள்

ஒயில் குறைகிறது என்றால் அது எரிந்துதான் போகிறது என்றில்லை. இரவு மெசினுக்குக் கீழே ஒரு பெரிய கார்ட்போர்ட் மட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் மட்டையில் சொட்டு இருந்தால் முதலில் அந்தச் சீலையோ பக்கிங்கையோ பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

அடுத்தது பிரீதர். கிராங்க் கேஸுக்குள் (ஒயில் நிற்கும் என்ஜினின் அடிப்பகுதி) சேரும் காற்று வெளியே போவதற்கு உள்ள சின்னக் குழாய் அது. அதில் சேறோ குளவிக் கூடோ அடைத்தால் (குளவிக் கூடு என்றால் சிரிப்பீர்கள், வயல் கொட்டிலில் மாதக்கணக்காக நின்ற மெசினில் போய்ப் பாருங்கள்) உள்ளே அமுக்கம் கூடி, ஒயிலைச் சீலாலும் பிஸ்டன் பக்கத்தாலும் தள்ளும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினால் முடிந்தது.

மூன்றாவது, ஒயில் மட்டம். கூட விட்டால் நல்லது என்று டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிராங்க் அந்த ஒயிலை அடித்துச் சிலிண்டர் சுவரெல்லாம் வீசும், ரிங் அவ்வளவையும் வழித்து இறக்க மாட்டாது, மிச்சம் மேலே போய் எரியும். இதேபோல எயர் கிளீனரின் ஒயில் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் விட்டாலும் என்ஜின் அதை உறிஞ்சி நீலமாகப் புகைக்கும். அதற்கு ரிங் மாற்றியவரையும் எனக்குத் தெரியும்.

மட்டம் குறையாமல் கூடுகிறது என்றால் அது வேறு கதை. டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது. டிப் ஸ்டிக்கை மணந்து பாருங்கள். இன்ஜெக்டரையும் பம்பையும் பார்க்காமல் அப்படியே ஓடினால் மெலிந்த ஒயிலால் ரிங்கும் பெயாரிங்கும் சேர்ந்து போகும். மண்ணெண்ணெயில் ஓடும் வாட்டர் பம்புகளில் இது சாதாரணம், எரியாத மண்ணெண்ணெய் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய மெக்கானிக்மாரிடம் கேட்டால் இதை மணிக்கணக்காகச் சொல்வார்கள். அந்தப் பம்புகளில் ஒயிலை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இருப்பதே அரை லீற்றர் சொச்சம், அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

2. ஒரு கொப்பி வாங்கி எழுதுங்கள்

"கனக்கக் குடிக்குது" என்று மெக்கானிக்கிடம் சொல்லிப் பயனில்லை. எவ்வளவு டீசலுக்கு எவ்வளவு ஒயில் என்று சொல்ல வேண்டும்.

காலையில், மெசின் குளிர்ந்திருக்கும்போது, சமமான ஒரே இடத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஒயில் விடுங்கள். பிறகு வேலைக்குப் போங்கள். எத்தனை லீற்றர் டீசல் அடித்தீர்கள் என்பதைக் குறியுங்கள். சில நாள் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில், அளவுப் போத்தலால் ஒயில் விட்டு மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். விட்ட அளவுதான் குடித்த அளவு.

டீசல் என்ஜின் கொஞ்சம் ஒயில் எரிப்பது இயல்பு. சுவரில் ஒரு மெல்லிய படலம் இருந்தால்தான் ரிங் தேயாமல் ஓடும், அதில் ஒரு பங்கு எரியத்தான் செய்யும். பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு, எரிக்கும் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பயமில்லை. அதாவது 10 லீற்றர் டீசலுக்கு 100 மில்லிலீற்றர். அரைப் பங்குக்கும் கீழே என்றால் மெசினைத் தொடவே வேண்டாம், வேலையைப் பாருங்கள். ஒன்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இனி வரும் படிகள் உங்களுக்கு.

3. புகை எப்போது வருகிறது?

கறுப்புப் புகை டீசல் கூடியதால் அல்லது காற்றுக் காணாததால் வருவது. வெள்ளை, எரியாத டீசல் அல்லது தண்ணீர். நீலம்தான் ஒயில். இதை எல்லோரும் சொல்வார்கள். நீலப் புகை *எந்த நேரத்தில்* வருகிறது என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள், காசு மிச்சமாவது அதில்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு குப் நீலம், பிறகு தெளிந்துவிடுகிறது: இரவு முழுக்க வால்வ் கைட் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக ஒயில் இறங்கி நின்றிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இறக்கத்தில் திராட்டிலை விட்டு வந்து மறுபடி முறுக்கும்போது பின்னால் நீலம் வந்தால் அதுவும் பெரும்பாலும் வால்வ் சீல், கைட் பக்கம்தான். சீல் மாற்றுவது சின்ன வேலை, பிஸ்டனைக் கழற்றத் தேவையில்லை.

பாரம் இழுக்கும்போது, இழுவைப் பெட்டியில் மணலோடு ஏற்றம் ஏறும்போது, சேற்றில் இறங்கும்போது நிற்காமல் நீலம் வந்தால் ரிங், லைனர் பக்கம். அந்த நேரத்தில் ஒயில் ஊற்றும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது. கீழே வாயு வருகிற வழியால் மேலே ஒயிலும் போகும்.

4. கம்பிரஷன் பாருங்கள், இரண்டு தடவை

கம்பிரஷன் என்றால் பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம். அதை அளக்கும் கேஜ் வைத்திருக்கும் கராஜில் செய்யச் சொல்லுங்கள். முதலில் உள்ளபடி ஒரு ரீடிங். பிறகு சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஒன்று. இரண்டாவது ரீடிங் நன்றாக ஏறினால் கசிவு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் பக்கிங். டீசல் என்ஜினில் அளவுக்கு மேல் ஒயில் விட வேண்டாம், இடம் சிறிது, கம்பிரஷன் பொய்யாக ஏறும். பெற்றோல் கேஜை டீசலில் பூட்டவும் கூடாது. மோட்டார் சைக்கிளில் 150 பிஎஸ்ஐ அளவில் நிற்கும், டீசல் அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும், கேஜ் உடைந்து கையில் வரும்.

கேஜ் இல்லையென்றால், கைபிடி போட்டுச் சுற்றும் லாண்ட் மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெசின்) இன்னொரு வழி இருக்கிறது. டீகம்பிரஷன் பிடியைத் தொடாமல், டீசலை அடைத்துவிட்டு, கைபிடியை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல என்ஜின் ஒரு இடத்தில் எதிர்த்து நிற்கும், தாண்டவே விடாது. மெல்ல மெல்ல வழுக்கித் தாண்டினால், அதுவும் பிரீதரில் 'ஸ்ஸ்' என்று கேட்டால், வேறு சோதனை தேவையில்லை.

5. திறக்காமல் செய்யக் கூடியது

நீண்ட நாள் நின்ற மெசின், அல்லது நாள் முழுக்கப் பாரமில்லாமல் ஐடிலில் ஓடிய மெசின் என்றால் ரிங் தேயாமல், கரி பிடித்து, பிஸ்டனில் அது இருக்கும் காடிக்குள் ஒட்டிப்போயிருக்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றி, ஒட்டினதை இளக்கும் ஒயிலைக் கொஞ்சம் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். காலையில் *இன்ஜெக்டர் பூட்டாமல்* கையால் சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளுங்கள். இதை விட்டுவிட்டு ஸ்டார்ட் அடித்தால் பிஸ்டனுக்கு மேல் நிற்கும் திரவம் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன் ரொட் வளையும். பிறகு என்ஜின் ஒயிலை மாற்றி, நல்ல பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். சில மெசினுக்குச் சரிவரும், பலதுக்கு வராது. செலவு ஒரு ஒயில் மாற்றம் மட்டும், அதனால் செய்து பார்க்கலாம்.

தடித்த ஒயில் விட்டு ஓட்டுவது, 'புகை நிற்கும்' என்று சின்னத் தகரத்தில் விற்பதை ஊற்றுவது, இரண்டும் மெசினை விற்கப் போகிறவர் செய்யும் வேலை. நீங்கள் பழைய மெசின் வாங்கப் போனால் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், ஒயில் தேன் மாதிரி நூலாக இழுபட்டால் பேசாமல் வீட்டுக்கு வாருங்கள்.

6. நாள் பாருங்கள்

பெரும்போக உழவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது என்ஜினைக் கழற்றக் கூடாது. செப்ரெம்பர் பிந்தினால் கிளிநொச்சியிலும் சரி முல்லைத்தீவிலும் சரி எல்லாக் கராஜிலும் மெசின் வரிசையில் நிற்கும், லேத்தில் உங்கள் சாமான் கடைசியில் கிடக்கும், அவசரத்தில் அளவை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

பெரும்போக அறுவடை முடிந்து நெல் ஏற்றி இறக்கி ஓய்ந்த பிறகு, மார்ச் கடைசி, ஏப்ரல் நல்ல காலம். இரணைமடுவின் கீழே சிறுபோகம் செய்கிறவர்களுக்கு அது சரிவராது, அவர்கள் சிறுபோக அறுவடைக்குப் பின் கிடைக்கும் சின்ன இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும். எப்படியும் வேலை முடிந்த பிறகு நடுத்தரப் பாரத்தில் ஓட்டக் கொஞ்ச நாள் கையில் இருக்க வேண்டும். ஏனென்று 11ஆம் படியில் சொல்கிறேன்.

லேத் வேலை உங்கள் ஊரில் இல்லாவிட்டால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோக வேண்டும். சாமான் அங்கும் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். போயா, தைப்பொங்கல், சித்திரை வருசம் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். மெக்கானிக் 'மூன்று நாள்' என்றால் அது அவருடைய கை வேலைக்கு மட்டும்.

7. கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள்

ஒரு ஏ4 தாள் காணும். மெசின் இலக்கம், என்ஜின் இலக்கம், கொடுத்த திகதி, என்ன வேலை, கூலி எவ்வளவு, சாமான் யார் வாங்குவது. இருவரும் கையெழுத்து. தெரிந்த ஆள்தானே என்று விடாதீர்கள், தெரிந்த ஆளோடுதான் பிறகு கதைக்கக் கஷ்டம். அதில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்:

கழற்றிய பழைய சாமான் எல்லாம் என்னிடம் திரும்ப வர வேண்டும்.
லைனர் அளவையும் ரிங் இடைவெளியையும் எழுதித் தர வேண்டும்.
பேசிய தொகையைத் தாண்டும் வேலை என்றால் செய்யும் முன் கேட்க வேண்டும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தின் போட்டோ கொப்பி போதும், ஒரிஜினலைக் கராஜில் விட்டுவிட்டு வர வேண்டாம். புளொக்கையே மாற்றும் நிலை வந்தால் என்ஜின் இலக்கம் மாறும், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதற்கு அந்தப் புளொக் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில் தேவை. பில் இல்லாத புளொக் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம், அது யாருடைய மெசினில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. லீசிங் முடியாத மெசின் என்றால் புளொக்கைத் தொடும் முன் லீசிங் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். காப்புறுதியைப் பற்றி யோசிக்க வேண்டாம், தேய்மானத்துக்கு அவர்கள் தர மாட்டார்கள்.

8. ஹெட் கழற்றும் நாளில் அங்கே நில்லுங்கள்

மற்ற நாள் போகாவிட்டாலும் இந்த நாள் போங்கள். பிஸ்டன் வெளியே வந்ததும் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும்.

முதலாவது லைனரின் மேல் ஓரம். விரல் நகத்தைக் கீழிருந்து மேலே இழுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு படி நகத்தில் தட்டினால் அதற்குக் கீழே அவ்வளவு தேய்ந்திருக்கிறது. அந்தப் படியை எடுக்காமல் புது ரிங் போட்டால் மேல் ரிங் அதில் இடித்து உடையலாம்.

இரண்டாவது பிஸ்டனில் ஒயில் ரிங் இருக்கும் காடி. ரிங்கைக் கழற்றியதும் காடியின் அடியில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் தெரிய வேண்டும். ரிங் வழித்த ஒயில் பிஸ்டனுக்குள்ளே இறங்கிக் கீழே போவது அந்த ஓட்டையால்தான். என்னுடையதில் ஒன்றுகூடத் தெரியவில்லை, கறுப்புத் தார் மாதிரிக் கரி பூசி மொழுகியிருந்தது. ஓட்டை அடைத்தால் எவ்வளவு நல்ல ரிங்கும் வழித்த ஒயிலை எங்கே விடுவது? எல்லா ஓட்டையும் வெளிச்சம் தெரியும் வரை திறக்க வேண்டும். காடியைச் சுரண்ட உடைந்த பழைய ரிங் துண்டு நல்ல ஆயுதம், ஆனால் கரியை மட்டும் எடுக்க வேண்டும், அலுமினியத்தைச் சுரண்டினால் காடி அகன்றுவிடும்.

மூன்றாவது, ரிங் காடிகளின் அகலம். புது ரிங்கைக் காடியில் வைத்துப் பக்கத்தால் ஃபீலர் கேஜ் (வெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். 0.15 மில்லிமீற்றர் தகடு தாராளமாகப் போனால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். தளர்ந்த காடிக்குள் ரிங் ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் ஆடும், ஆடும்போது கீழே உள்ள ஒயிலைப் பின்பக்கத்தால் மேலே ஏற்றிவிடும். ஒரு சின்னப் பம்ப் அது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி.

இனி அளவு. போர் கேஜ் (போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம், அதை அளக்கும் கருவி) இருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக எடுக்கச் சொல்லுங்கள். இல்லையா? ஒரு புது ரிங்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் நீங்களே தேய்மானத்தைக் கணக்கிடலாம். ரிங்கை லைனருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மட்டமாகத் தள்ளுங்கள். கீழே, ரிங் ஓடாத தேயாத இடத்தில் ரிங்கின் இரு முனைக்கும் இடையிலான வெளியை அளந்து எழுதுங்கள். பிறகு மேலே, படிக்குச் சற்றுக் கீழே வைத்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் பிரித்தால் லைனர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று வரும். கீழே 0.35, மேலே 0.98 என்றால் வித்தியாசம் 0.63, பிரித்தால் 0.20 மில்லிமீற்றர் தேய்ந்திருக்கிறது. சுற்றளவு விட்டத்தை விட மூன்று மடங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான் கணக்கு, பள்ளிக்கூடத்தில் படித்தது. ஒரு மெக்கானிக் உங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும், எண்ணை எழுதி வையுங்கள்.

புது ரிங்கின் முனை வெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்றால், 100 மில்லிமீற்றர் போருக்கு 0.3 முதல் 0.4. இது பொதுக் கணக்கு, உங்கள் மெசினோடு வந்த கைநூலில் சரியான எண் இருந்தால் அதையே எடுங்கள். மாசி பெர்குசன் 240இன் 3 சிலிண்டர் பெர்கின்ஸுக்கு போர் 91.44. சீன லாண்ட் மாஸ்டரில் இலக்கத்திலேயே எழுதியிருக்கும்: எஸ் 195 என்றால் ஒரு சிலிண்டர், 95 மில்லிமீற்றர். ஆர் 175 என்றால் 75.

9. ரிங் மட்டுமா, லைனருமா?

நகத்தில் படி தட்டவில்லை, தேய்மானம் 0.10க்குள், காடி இறுக்கம், ஆனால் ரிங் ஒட்டியிருந்தது: ரிங் மட்டும் போதும், லைனரை ஹோன் அடித்து (உட்சுவரைக் கல்லால் தேய்த்து) போடுங்கள். 0.15, 0.20 என்று போனால் லைனர், பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின் எல்லாம் சேர்ந்த கிட். இடையில் உள்ளதற்கு மெக்கானிக்கின் கணிப்பு, ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

"அண்ணை, ரிங் மட்டும் போட்டாக் காணும், லைனருக்கு ஏன் வீண் காசு" என்பார்கள். பில்லைப் பிரித்துப் பாருங்கள். ஹெட் பக்கிங் செட், ஒயில், ஃபில்டர், மெக்கானிக் கூலி, ஏற்றி இறக்கும் காசு, மெசின் நிற்கும் நாட்கள், இவை எல்லாம் ரிங் மட்டும் போட்டாலும் வரும், கிட் போட்டாலும் அதே அளவு வரும். கூடுவது கிட்டின் விலையும் லேத் கூலியும்தான். ரிங் மட்டும் போட்டுச் சரிவராவிட்டால் அந்த முழுப் பில்லும் மறுபடி. விலை எழுதவில்லை, இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய். மூன்று இடத்தில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்கும்போது என்ஜின் மொடலையும் லைனரின் வெளிவிட்டத்தையும் சொல்லுங்கள்.

எஸ் 195 வகைக்கு லைனர் மாற்றுவது கஷ்டமில்லை, தண்ணீர் நேரே தொடும் லைனர், இழுத்துக் கழற்றிப் புதிதைப் போடலாம். கீழே உள்ள ரப்பர் ஓ ரிங்கைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள், முறுகினால் தண்ணீர் ஒயிலுக்குள் வரும். 240இல் லைனர் புளொக்குக்குள் இறுக்கிப் பொருந்தியது, அது பிரஸ் உள்ள லேத்துக்குத்தான் போக வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு லைனர் மாற்றாமல் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர் சைஸ் பிஸ்டன் போடுவார்கள், 25, 50, 75, 100 என்று. 25 என்றால் கால் மில்லிமீற்றர். பிஸ்டனை *முதலில்* வாங்கி லேத்துக்குக் கொடுங்கள், அந்தப் பிஸ்டனை அளந்து போர் அடிக்க வேண்டும். போரை அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் சைஸ் கிடைக்காமல் அலைவீர்கள். சில புது மோட்டார் சைக்கிள்களில் சிலிண்டர் அலுமினியத்தின் மேல் கடினமான பூச்சோடு வருகிறது, அதை ஹோன் அடிக்கவோ போர் அடிக்கவோ கூடாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

10. பூட்டும்போது

ஹோன் அடித்த சுவரில் குறுக்கு மறுக்காக வைர வடிவில் கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் ரிங் அதில் பொருந்தாது, படலமும் நிற்காது. ஹோன் அடித்த பிறகு பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்துவிட்டுப் பூட்டுவதுதான் பொதுவான பிழை. கல்லின் தூள் அந்தக் கோடுகளுக்குள் இருந்துகொள்ளும், புது ரிங்கை அதுவே அரைத்துவிடும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்ததும் வெள்ளைத் துணியில் புது ஒயில் தொட்டுத் துடையுங்கள், துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். இதை நீங்களே செய்யலாம், கூலி கேட்க மாட்டார்கள், தடுக்கவும் மாட்டார்கள்.

ரிங்கில் ஒரு புள்ளியோ 'டொப்' என்றோ பொறித்திருக்கும், அது மேலே பார்க்க வேண்டும். இரண்டாவது ரிங்கின் முகம் சரிவாக இருக்கும், கீழே வரும்போது ஒயிலை வழித்துக்கொண்டு வருவதற்கு. தலைகீழாகப் போட்டால் மேலே போகும்போது வழித்து ஏற்றும். புது ரிங் போட்ட என்ஜின் முதல் நாளே புகைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடுத்த சந்தேகம் மோட்டார் சைக்கிளின் மூன்று துண்டு ஒயில் ரிங்: நடுவில் உள்ள நெளித் தகட்டின் இரு முனையும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது.

மூன்று ரிங்கின் முனை வெளிகளும் ஒரே நேர்கோட்டில் வராமல் மூன்று திசைக்குப் பிரித்து வைப்பார்கள், அதையும் ஒரு பார்வை பாருங்கள். ஹெட் போல்ட்டை டோர்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குகிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் பிழையில்லை.

11. முதல் 50 மணித்தியாலம்

"புது ரிங் தம்பி, ஐடிலில விட்டுப் பழக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள், மரியாதையோடு கேட்டுவிட்டு அப்படிச் செய்யாமல் இருங்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் வரும் வாயு அமுக்கம். பாரமில்லாமல் ஓடினால் அமுக்கமில்லை, ரிங் பொருந்தாது, சுவரில் ஒயில் வெந்து பளபளப்பாகப் படியும். பிறகு எவ்வளவு ஓட்டினாலும் புகை நிற்காது, மறுபடி கழற்றி ஹோன் அடிக்க வேண்டியதுதான்.

ஸ்டார்ட் செய்து ஒயில் அமுக்கத்தைப் பார்த்து, கசிவு பார்த்து, சூடேறியதும் பாரத்தில் போடுங்கள். பெட்டியில் பாதிச் சுமையோடு மாங்குளத்துக்கோ புதுக்குடியிருப்புக்கோ ஒரு ஓட்டம், வேகத்தைக் கூட்டிக் குறைத்து. சேற்று உழவுக்கு உடனே இறக்க வேண்டாம், முழுப் பாரத்தில் மணிக்கணக்காகவும் வேண்டாம். முதல் 50 மணித்தியாலத்துக்குள் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், மோட்டார் சைக்கிளுக்கு முதல் 500 கிலோமீற்றரில். அந்தக் காலத்தில் கொஞ்சம் ஒயில் குறையும், பயப்பட வேண்டாம். கொப்பியில் எழுதுவதை நிறுத்தவும் வேண்டாம்.

உழவு மெசினுக்கு 15 டபிள்யூ 40 டீசல் ஒயில். மோட்டார் சைக்கிளுக்குக் கார் ஒயில் விட வேண்டாம், கிளச்சும் அதே ஒயிலில்தான் கிடக்கிறது, வழுக்கும்.

12. எயர் கிளீனர்

லைனரை எது தேய்த்தது? பெரும்பாலும் புழுதி. மானாவாரிக்குப் புழுதி உழவு அடிக்கும்போது மெசினுக்குப் பின்னால் எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள், சோளகக் காற்றில் அது ஓட்டுகிறவரையே மூடும். அதில் ஒரு நாள் எயர் கிளீனர் பழுதானால் போதும், லைனர் தேய்ந்துவிடும். புழுதி உழவு நாட்களில் ஒவ்வொரு பின்னேரமும் ஒயில் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் சேறு ஒரு விரல் தடிப்புக்கு இருந்தால் கழுவிப் புது ஒயில், கோடு வரைக்கும் மட்டும். எரித்த ஒயிலை அதற்குள் விடுவது வீண் சிக்கனம்.

கிளீனருக்கும் என்ஜினுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைத்தால்தான் தெரியும். கிளிப்பைத் தளர விட்டால் புழுதி கிளீனரைச் சந்திக்காமல் நேரே உள்ளே போகும். குழாயின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள், மண் ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, லைனர் மாற்றும் முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

13. மோட்டார் சைக்கிள்காரருக்கு: புகைச் சான்றிதழும் வரியும்

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும் என்பது தெரியும். ஒயில் எரிக்கும் என்ஜின் புகைப் பரிசோதனையில் நிற்காது, எரியாத ஐதரோகாபன் கூடக் காட்டும். அதனால் அனுமதிப்பத்திரம் முடியும் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: லேத்துக்கும் சாமானுக்கும் இரண்டு கிழமை, 500 கிலோமீற்றர் ஓட்டம், ஒயில் மாற்றம், அதன் பிறகு பரிசோதனை. திகதி நெருங்கிய பிறகு ரிங் போட்டு அடுத்த நாளே போனால், சுவரில் பூசிய ஒயில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், நல்ல வேலை செய்தும் பரிசோதனையில் தவறிவிடும்.

பரிசோதனைக்கு என்ஜின் நன்றாகச் சூடான பிறகு போங்கள். வீட்டிலிருந்து அரை மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு போனால் காணும். வரிசையில் நிற்கும்போது நிறுத்திக் குளிர விட வேண்டாம். புத்தகத்தின் கொப்பியும் பழைய அனுமதிப்பத்திரமும் கையில் இருக்கட்டும். சான்றிதழ் கிடைத்ததும் அதில் உள்ள வாகன இலக்கத்தையும் மற்ற விபரங்களையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்து கிளம்புங்கள், பிரதேச செயலகக் கவுண்டரில் போய்க் கண்டுபிடித்தால் திரும்ப வர வேண்டியிருக்கும்.